நாலு பேர் தேடிய ஜாக்

எங்கள் தொடர்மாடியில் எதற்காகக் கூட்டம் கூடினாலும் அது கடைசியில் பார்க்கிங்கில்தான் வந்து முடியும். தண்ணீர்த் தாங்கி கழுவுவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவார்கள். லிஃப்ட் ஏன் மூன்றாம் மாடியில் நின்று யோசிக்கிறது என்று கேட்பார்கள். அரை மணித்தியாலம் போனதும் யாராவது ஒருவர், "அது சரி, அந்த ஒன்பதாம் நம்பர் இடம்..." என்று இழுப்பார். வெள்ளவத்தையில் வீடு வாங்குவதுகூட லேசு. வீட்டுக்குக் கீழே ஒரு கார் விட இடம் கிடைக்கத்தான் போன பிறப்பில் புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் நம்பர் என்னுடையது. ஒரு பக்கம் தூண், பின்பக்கம் சுவர். அதில் என் கார் நிற்கிறது. இரண்டு கதவும் உருண்ட முதுகுமாக ஒரு பழைய ஆங்கிலேயச் சின்னக் கார். கொழும்பில் அதை எல்லோரும் மைனர் என்றுதான் சொல்வார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற கையோடு, ஒருவரையும் கேட்காமல் அதை வாங்கினேன். யாரையும் கேட்காமல் நான் செய்த காரியம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். என் கல்யாணத்துக்குக்கூட என்னை ஒருவரும் கேட்கவில்லை. அதனால் அந்தக் காரில் எனக்கு ஒரு தனிப் பாசம். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அன்றைய கூட்டத்தில் செயலாளர் எழும்பினார். மூன்றாம் மாடிக்காரர். அவருக்கு ஒரு காரும் ஒரு வானும் இருக்கின்றன. காருக்கு உள்ளே இடம், வானுக்கு வெளியே ஒழுங்கையில் மாமரத்துக்குக் கீழே இடம். அந்த மரத்துக் காகங்கள் வானின் நிறத்தையே மாற்றிவிட்டன. அவருக்கு என் ஒன்பதாம் நம்பரில் ஒரு கண் என்பது எங்கள் வாசல் காவல்காரருக்கும் தெரியும்.

"ஓடுற வாகனத்துக்குத்தான் பார்க்கிங்," என்றார். "சில வாகனம் இரண்டு மாசமாக் காத்துப் போய்க் குந்தியிருக்குது. நான் ஒருத்தரையும் குறிப்பிட்டுச் சொல்லேல்லை."

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

உண்மைதான். முன் இடது டயரில் காற்றுப் போய் இரண்டு மாதம். முதலில் மழை. பிறகு எனக்குக் காய்ச்சல். பிறகு சோம்பல். ஆனால் இதையெல்லாம் சபையில் சொல்ல முடியுமா? எழும்பி நின்று, "வாற ஞாயிற்றுக்கிழமை காலமை பத்து மணிக்கு நானே சில்லு மாத்தி, நானே வெளியால ஓட்டி, நானே திருப்பிக் கொண்டுவந்து விட்டுக் காட்டுறன். காட்டேல்லையெண்டால் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கோ," என்றேன்.

செயலாளர் உடனே அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார். மற்றக் குறிப்புகளை எழுத அவருக்கு ஒரு கிழமை பிடிக்கும். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டில் ஏறும்போது, "வாய்க்கொழுப்புச் சீலையால வடியுது எண்டுறது இதைத்தான்," என்றார். இடம் போனால் காரை விற்க வேண்டியதுதான். எங்கள் ஒழுங்கையில் ஒரு சைக்கிளைச் சாத்தி வைக்கவே இடமில்லை. அது அவருக்கும் தெரியும்.

எனக்குப் பயமில்லாமல் இருந்ததற்குக் காரணம், டிக்கிக்குள் காரைத் தூக்கும் ஜாக் ஒன்று இருந்தது. கார் வாங்கிய நாளிலிருந்து ஒரு பழைய துணியில் சுற்றி அங்கேதான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை அதை எடுத்து, கதவுக்குக் கீழே விளிம்போடு வைத்து, கணவரை விளக்குப் பிடிக்கச் சொல்லிவிட்டுச் சுற்றத் தொடங்கினேன். ஜாக் உயர்ந்தது. முட்டியது. இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். காருக்குள்ளே கரகரவென்று ஒரு சத்தம். கணவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஜாக் உள்ளுக்கு ஏறிட்டுது," என்றார் அமைதியாக. "கார்தான் ஏறேல்லை."

கடலுக்கு அடுத்த தெருவில் பத்து வருடம் உப்புக்காற்று குடித்த தகடு. அதைத் துளைத்துக்கொண்டு ஜாக்கின் தலை, பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் கால் வைக்கும் இடத்தில் வந்து நின்றது. எப்போதும் காரைத் திருத்தும் கராஜ்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கண்டிக்குப் போயிருந்தார். வர இரண்டு கிழமையாகுமாம்.

"ஐயோ மிஸ், அது வேற காரின்ட ஜாக்," என்றார். "மைனருக்கு மைனரின்ட ஜாக்தான் வேணும். கதவுக்குக் கீழ நடுவில ஒரு சதுர ஓட்டை இருக்கு. போன வருசம் அந்த இடத்துக்கு மட்டும் நான் புது இரும்பு வச்சு ஒட்டித் தந்தனான். ஜாக்கின்ட கை அதுக்குள்ள போகோணும். ஒரு பக்கம் முழுக்க எழும்பும். வேற ஆளைக் கூப்பிட்டு வேற இடத்தில முட்டுக் குடுக்க விட்டிடாதீங்க. மிச்சத் தகடும் போயிடும்."

ஆக, பத்து வருடமாக நான் வேறொருவரின் ஜாக்கைத்தான் துணி சுற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு, "விடையை எழுதிப்போட்டு ஒருக்கால் சரிபார்க்கோணும்" என்று முப்பது வருடம் சொன்ன வாய் இது.

செவ்வாய்க்கிழமை காலை ரயிலேறி மருதானையில் இறங்கி, பஞ்சிகாவத்தைக்கு நடந்தேன். கொழும்பில் எந்தக் காரின் எந்த உறுப்பும் அங்கே கிடைக்கும். இரவு உங்கள் காரிலிருந்து காணாமற்போன கண்ணாடியை மறுநாள் காலை அங்கே நீங்களே வாங்கலாம் என்று சொல்வார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தைப் பெண்கள் கடைக்குப் போனால் எதையும் தனக்கென்று கேட்கமாட்டார்கள். தனக்கென்று கேட்டால் தேவை தெரிந்துவிடும், தேவை தெரிந்தால் விலை ஏறும். சேலைக் கடையில் மச்சாளுக்கு என்று கேட்போம். மீன்காரரிடம், "எங்கட வீட்டில ஒருத்தரும் மீன் தின்னுறேல்லை, ஆரோ விருந்தாளி வருகினம்" என்போம். மீன்காரருக்கும் இது தெரியும். அவரும், "அப்ப விருந்தாளிக்கு நல்ல பாரையாப் பாத்து எடுங்க" என்பார். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பொய் என்பதால் அதைப் பொய்யென்று நாங்கள் எண்ணுவதே இல்லை. அதே வித்தையை நான் பஞ்சிகாவத்தைக்கும் கொண்டுபோனேன்.

முதல் கடையில் தொப்பி போட்ட முஸ்லிம் முதலாளி. "மைனர் ஜாக் இருக்கோ? எனக்கில்லை, தம்பிக்கு," என்றேன். எனக்குத் தம்பி கிடையாது. நான்தான் வீட்டில் கடைக்குட்டி. ஆனால் வாய் தொடங்கினால் நிற்காது. "பாவம், காரைக் கையால தூக்கப் போய் முதுகு பிடிச்சுப் படுக்கையில கிடக்கிறான்," என்றும் சேர்த்தேன்.

"அல்லாவே," என்றார் அவர். "கெடைக்கும். விசாரிச்சுப் பாக்கிறேன். போன் நம்பரொன்டு தாங்க."

நம்பர் கொடுத்தால் அவசரம் தெரிந்துவிடும். "தம்பிக்குச் சுகமானதும் அவனே வந்து பார்ப்பான்," என்று சொல்லிவிட்டு, அக்கறையில்லாதவள்போல் இறங்கி நடந்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவது கடை முதலாளி சிங்களவர். "தியெனவா நோனா, தியெனவா," என்றார். இருக்கிறதாம். எங்கே என்று கேட்டால் மேலே, ஸ்டோரில், நாளைக்கு. பஞ்சிகாவத்தையில் ஒருவரும் இல்லையென்று சொல்வதில்லை என்பது அப்போது விளங்கியது. இருக்கிறது என்று முதலில் சொல்வார்கள். பிறகுதான் தேடத் தொடங்குவார்கள். முதற்கடையில் நம்பர் கொடுக்காதது அவ்வளவு புத்தியில்லை என்று பட்டதால் இந்தக் கடையில் கொடுத்தேன். ஆனால் கதையை மாற்றினேன். கல்யாணங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடும் ஒருவருக்காகக் கேட்பதாகச் சொன்னேன். மூன்றாவது கடையில் அவுஸ்திரேலியாவிலிருக்கும் மருமகன், மைனர் ஒன்றைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறான். நான்காவது கடைக்கு வரும்போது களைத்துவிட்டேன். களைத்தால் எனக்குக் கற்பனை கூடும். யாரோ சினிமா எடுக்கிறார்கள், கதாநாயகன் மழையில் சில்லு மாற்றுகிற காட்சி, அதற்கு உண்மையான ஜாக்தான் வேண்டுமென்று டைரக்டர் ஒற்றைக்காலில் நிற்கிறார் என்றேன். அந்த முதலாளி தமிழர், கொஞ்சம் சினிமாப் பைத்தியம். கதாநாயகன் யாரென்று கேட்டார். அது இரகசியம் என்றேன்.

புதன்கிழமை போன் வரவில்லை. மாலையில் கீழே இறங்கினேன். செயலாளர் ஒரு அளவு நாடாவோடு என் காருக்குப் பின்னால் குனிந்து நின்றார்.

"என்ன அளக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"சும்மா அக்கா," என்றார். "தூணுக்கும் சுவருக்கும் இடையில எவ்வளவு எண்டு."

"உங்கட வான் இதுக்குள்ள வராது."

"கண்ணாடியை மடிச்சால் வரும்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபமா பயமா என்று கேட்டால், பயத்தை மறைக்க நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னக் கார் இல்லாமல் போனால் நான் எங்கே போகவேண்டுமென்றாலும் யாரையாவது கேட்டுத்தான் போகவேண்டும்.

வியாழக்கிழமை காலையில் அடுத்தடுத்து மூன்று போன்கள் வந்தன. இரண்டாவது கடை, மூன்றாவது கடை, நான்காவது கடை. மூன்று பேரும் ஒரே சங்கதியைத்தான் சொன்னார்கள். கொழும்பில் மைனர் ஜாக் இப்போது ஒருவரிடம்தான் இருக்கிறது. கொட்டாஞ்சேனைக்காரர். ஆனால் அவர் விற்கமாட்டேன் என்கிறார்.

"ஏனாம்?" என்று சினிமாப் பைத்தியத்தைக் கேட்டேன்.

"டிமாண்ட் மேடம். நாலு பார்ட்டி கேக்குதாம். திடீரென்டு ஒரே நாள்ல. நீங்க சினிமா எண்டு சொன்னீங்களே, வேற கொம்பனியும் அதே சீனை எடுக்குதோ தெரியாது."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. பத்து வருடமாக ஒருவருக்கும் வேண்டாத இந்த இரும்பு, எனக்கு வேண்டிய கிழமையில்தானா மற்ற மூன்று பாவிகளுக்கும் வேண்டும்? யார் இவர்கள்? வீட்டில் சும்மா இருக்க முடியாதா? மத்தியானம் முழுக்கச் சமையலறையில் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். கணவர் ஒருமுறை எட்டிப்பார்த்து, "ஆரோட கதைக்கிறீர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாலு கடையில் கேட்டிருக்கிறேன், நாலு பேர் கேட்கிறார்களாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும் கணக்கு. முப்பது வருடக் கணக்கு ஆசிரியைக்கு விளங்கவில்லை.

நான்காவது கடைக்காரரைக் கெஞ்சி விலாசம் வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் சின்ன வீடு. கதவைத் திறந்தவர் எழுபது தாண்டியவர், ஒல்லி, நிமிர்ந்த முதுகு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். கப்பலிலிருந்து சாமான் இறக்கும்போது கீழே நின்று கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டுகிற வேலை. அதைப் பேசும்போதும் கை தானாக மேலும் கீழும் போய் வந்தது. அவருடைய மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். மைனரை எப்போதோ விற்றுவிட்டார்களாம், ஜாக்கைக் கொடுக்க மறந்துவிட்டார்களாம். அலுமாரிக்கு மேலே, பேப்பர் விரித்து, எண்ணெய் பூசி, அது நின்றது. திருகுக் கம்பியும், பக்கவாட்டில் நீட்டிய கையும், மேலே சுற்றுகிற பிடியும் அப்படியே இருந்தன. அழகாயிருந்தது.

"விக்கிறதுக்கில்ல மிஸ்," என்றார். "இந்த ஒரு கிழமையில எத்தின பேர் கேட்டுட்டாங்க தெரியுமா? முதல்ல ஒரு நோயாளிக்கு. பிறகு ஒரு கல்யாணக் கார்க்காரர். ஏழு காராம் அவருகிட்ட."

நான் ஏழு என்று சொல்லவில்லை. ஒரு கார் என்றுகூடச் சொல்லவில்லை.

"பிறகு அவுஸ்திரேலியாவில ஒரு இன்ஜினியர். பிறகு ஒரு சினிமாக் கொம்பனி. ஹீரோ யாருன்னு கடைக்காரரு சொல்லமாட்டேன்னுட்டாரு. ரொம்பப் பெரிய ஆளாத்தான் இருக்கணும்."

"நான்தான் இவர்கிட்ட சொன்னேன், அவசரப்பட்டுக் குடுத்துடாதீங்கன்னு," என்றார் மனைவி பெருமையாக. "தெரு முழுக்க விசயம் தெரியும்."

கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டேன். என் மூன்று எதிரிகளையும் அந்த நிமிடம்தான் அடையாளம் கண்டேன். நேற்று மத்தியானம் முழுக்க நான் திட்டியது என்னைத்தான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது நாலாம் நாளே பிளேன்டீயோடு எனக்கு முன்னால் வந்து நின்றது.

"அது வந்து மிஸ், அந்த முதலாவது ஆளுக்கு..." என்று அவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

நான் விடவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிட வேண்டும்போல் இருந்தது. "ஐயா, பொறுங்கோ. அந்த நாலு பேரும் நான்தான். கல்யாணமும் இல்லை, அவுஸ்திரேலியாவும் இல்லை, சினிமாவும் இல்லை. என்ர காருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஓட்டிக் காட்டேல்லையெண்டால் என்ர இடம் போயிடும்," என்று செயலாளர், அளவு நாடா, மாமரம், காகம் எல்லாவற்றையும் சொன்னேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நல்ல கதை மிஸ்," என்றார் அவர். "மத்த மூணு பார்ட்டியையும் ஒரேயடியா வெட்டிவிடப் பாக்கிறீங்க. துறைமுகத்தில நாப்பது வருசம் இருந்தவன். ஆனா இந்த மாதிரி ஒரு பேரத்தை நான் கேட்டதில்ல."

"நான் கணக்கு டீச்சர். பொய் சொல்லமாட்டன்," என்றேன். அந்த வசனத்தைச் சொல்ல அதைவிட மோசமான இடம் இருந்திருக்க முடியாது.

எவ்வளவு மன்றாடியும் அவர் நம்பவில்லை. பொய்யை நாலு கடையில் நாலு பேர் உடனே நம்பினார்கள். உண்மையை இரண்டு பேர் பக்கத்தில் இருந்து கேட்டும் நம்பவில்லை. எழும்பி வாசலுக்கு வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் கண்டிருக்க வேண்டும்.

"மிஸ்," என்று கூப்பிட்டார். "ஜாக் விக்கிறதுக்கில்ல. ஆனா கார் பார்க்கிங் பிரச்சினை மட்டும் உண்மைன்னு தெரியுது, அந்த ஆத்திரம் நடிக்க வராது. ஞாயிற்றுக்கிழம முதல் பூசை முடிச்சுட்டு ஜாக்கோட வாறேன். வேலை முடிஞ்சதும் எடுத்துட்டுப் போயிருவேன். சரியா?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, துவாயில் சுற்றிய ஜாக்கை மடியில் வைத்தபடி த்ரீவீலில் வந்து இறங்கினார். கீழே செயலாளர் கூட்டக் குறிப்புப் புத்தகத்தோடு நின்றார். பல்கனிகளில் தலைகள் தெரிந்தன. எங்கள் தொடர்மாடியில் தீபாவளிக்குக்கூட அவ்வளவு பேர் வெளியே வரவில்லை.

"வெளியாள் உதவி செய்யக்கூடாது," என்றார் செயலாளர். "அக்கா தானே செய்யிறன் எண்டுதான் எழுதியிருக்குது."

"நான் தொடவே மாட்டேன் ஐயா," என்றார் கொட்டாஞ்சேனைக்காரர். "மிஸ்தான் தூக்கப்போறாங்க. நான் சிக்னல் மட்டும் காட்டுறேன்."

ஜாக்கின் கையைக் கதவுக்குக் கீழே சதுர ஓட்டைக்குள் நான் நுழைத்தேன். டக்கென்று போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தில் என் வயிறு குளிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் காருக்கு முன்னால் பத்தடி தள்ளிக் கால்களை அகட்டி நின்று, ஒரு கையை உயர்த்தி, விரலைச் சுழற்றினார். மேலே. நான் பிடியைச் சுற்றினேன். உள்ளங்கையைக் கிடையாக விரித்தார். நில். நின்றேன். கார் சரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மீண்டும் விரல் சுழன்றது. எத்தனை ஆயிரம் தொன் சாமானை இறக்கிய கை அது. என் சின்னக் காருக்கும் அதே மரியாதையைக் கொடுத்தது. இடது பக்கம் முழுக்க, முன் சில்லும் பின் சில்லும் சேர்ந்து, மெதுவாக நிலத்தை விட்டு எழும்பியது. இரண்டாம் மாடியிலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

சில்லைக் கழற்றி, டிக்கியிலிருந்த மேலதிகச் சில்லைப் பூட்டினேன். நட்டுகளை இறுக்கினேன். கணவர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"குடும்ப அங்கத்தவர் வெளியாள் இல்லையே?" என்று செயலாளரைக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு நட்டாக இன்னொரு தரம் இறுக்கித் தந்தார். அந்தக் காருக்காக அவர் கையை அழுக்காக்கியது அதுதான் முதல் தடவை.

பற்றரியை முதல்நாளே சார்ஜ் பண்ணி வைத்திருந்தேன். மூன்றாம் முறை திறப்பைத் திருப்பியதும் கார் இருமி, தும்மி, ஓடத் தொடங்கியது. உள்ளே துளையின்மேல் ஒரு பலகையைப் போட்டு, கொட்டாஞ்சேனைக்காரரை ஏற்றிக்கொண்டேன். அவர் ஜாக்கைத் திரும்பத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். வாசலைத் தாண்டிக் கடற்கரை வீதியில் திரும்பியதும் காற்று முகத்தில் அடித்தது. சத்தம் போட்டுச் சிரித்தேன். அறுபது தாண்டிய பெண் அப்படிச் சிரிக்கக்கூடாது, ஆனாலும் சிரித்தேன்.

பம்பலப்பிட்டிக்குக் கிட்டப் போனதும் மெல்ல ஆரம்பித்தேன். "ஐயா, இனியாவது ஒரு விலையைச் சொல்லுங்கோவன்."

"விலையில்ல மிஸ் பிரச்சினை," என்றார். "அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க விட்டாத்தானே. இத செவ்வாக்கிழமை மத்தியானமே ஒரு ஆளுக்குக் குடுத்துட்டேன்."

"ஆருக்கு?"

"அந்த முதலாவது ஆளுக்கு. நம்ம முஸ்லிம் முதலாளி போன் பண்ணி, ஒரு அக்கா வந்தாங்க, தம்பி நோயாக் கெடக்கிறாராம்ன்னாரு. நோயாளிக்கிட்ட என்ன விலை? சும்மா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்கன்னு சொல்லிட்டேன், வீட்டுக்காரிக்குத் தெரியாம. குடுத்த வாக்கு. அதுக்குப் பிறகு எத்தின பேர் கேட்டாலும் எப்பிடிக் குடுக்கிறது? அந்தத் தம்பி வரட்டும்னு காத்திட்டிருக்கேன். முதலாளியும் கடையில காத்திட்டுத்தான் இருக்காரு. நம்பர் குடுக்காமப் போயிட்டாங்களாம்."

காரை ஓரம் கட்டினேன். பக்கத்தில் கடலோர ரயில் ஒன்று தடதடவென்று போனது. அது போய் முடியும்வரை பேசமுடியவில்லை. அது நல்லதாகப் போயிற்று. பொய்க்காகப் பிள்ளைகளை மேசைமேல் ஏற்றி நிற்பாட்டியவள் நான். அந்த நேரம் எந்த மேசையிலும் ஏறி நிற்கத் தயாராயிருந்தேன். அவ்வளவு வெட்கம்.

"அந்தத் தம்பிக்கு முதுகு பிடிச்சது," என்றேன். "காரைக் கையால தூக்கப் போய்."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆமா. முதலாளி அப்பிடித்தான் சொன்னாரு. உங்களுக்கு எப்பிடி..."

"எனக்குத் தம்பி இல்லை, ஐயா. அந்தப் பொய்யும் நான் சொன்னதுதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கோபித்துக்கொண்டு இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. துவாயோடு ஜாக்கைத் தூக்கிப் பின் ஆசனத்தில் வைத்தார்.

"அப்ப அஞ்சு நாளா உங்கட சாமானைத்தான் நான் எண்ணெய் பூசிக் காவல் காத்திருக்கேன்," என்றார். "உங்களுக்கே குடுக்கமாட்டேன்னு வேற சொல்லியிருக்கேன்."

"பொய் சொல்லி வாங்கினது எப்பிடி என்ரதாகும்?"

"நீங்க சொன்னது பொய். நான் குடுத்தது பொய்யில்லையே. குடுத்தது குடுத்ததுதான்."

காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தூணுக்கும் சுவருக்கும் நடுவே, கண்ணாடியை மடிக்காமல், ஒரே எத்தனிப்பில் ஒன்பதாம் நம்பருக்குள் விட்டேன். செயலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். புத்தகத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினீர்களென்று கேட்டேன். "ஓடுது எண்டு," என்றார். பிறகு ஒழுங்கைக்குப் போய் வானின்மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

கொட்டாஞ்சேனைக்காரர் வெறுங்கையோடு இறங்கினார். த்ரீவீலைக் கூப்பிடக் கணவர் வாசலுக்குப் போனார். கொட்டாஞ்சேனைக்காரர் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், ஒரு உதவி. வீட்டுக்காரி கேப்பா, ஜாக் எங்கன்னு. நாலு பேர் போட்டி போட்ட சாமானைச் சும்மா குடுத்துட்டு வந்தேன்னா தெருவில தலை காட்டமாட்டா. என்ன சொல்லலாம்? நீங்கதான் நல்லாச் சொல்லுவீங்களே."

அந்த ஒரு கிழமையில் முதல் தடவையாக எனக்கு ஒரு கதையும் வரவில்லை.

"உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ," என்றேன்.

"அதைத்தான் வெள்ளிக்கிழமை நீங்களே சொன்னீங்க மிஸ்," என்றார். "அவ நம்பலியே."